வாய்க்காரரின் தங்கை

அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யார் படியேறி வந்தாலும் "வந்துட்டீங்களா" என்று கேட்க மாட்டோம். "உட்காருங்க" என்போம், "செருப்பை அப்படி ஓரமா விடுங்க" என்போம், பிடிக்காத ஆளாக இருந்தால் "என்ன விஷயம்" என்று நேராகவே கேட்டுவிடுவோம். அந்த ஒரு வார்த்தை மட்டும் எங்கள் வாயில் வராது. அடுத்த வீடுகளில் அதை எப்படிக் கூசாமல் கேட்கிறார்கள் என்று சின்ன வயதில் எனக்கு வியப்பாக இருக்கும். எல்லாம் அப்பா செய்த காரியம்.

அப்பாவைத் தெரிந்த கிழவர்கள் இன்னும் சிலர் மிச்சம் இருக்கிறார்கள். தெருவில் பார்த்தால் என்னை நிறுத்திவிடுவார்கள். "நீ வாய்க்காரர் மகள்தானே? அடடா, என்ன வாய்ம்மா உங்கப்பாவுக்கு! அந்தக் கப்பல் முதலாளி படத்துல அந்தப் பொம்பளைக்குப் பேசுவாரு பாரு..." என்று தொடங்கி, கழுத்தைச் சாய்த்து அந்தக் குரலில் பேசிக் காட்டவும் முயல்வார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். பெரியவர்களாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். ஒரே ஒருவரிடம் மட்டும், "அது அந்தப் பொம்பளை குரல் இல்லைங்க, எங்க அத்தை குரல்" என்று சொல்லிவிட்டேன். அவர் அதற்கும் சிரித்தார்.

படங்கள் பேசாத காலத்தில் அப்பாதான் பேசினார். அதுதான் அவருக்கு வேலை. முன்பு பஞ்சுக் கிடங்காக இருந்த கொட்டகை அது. திரையின் இடப்பக்கம் ஒரு மரப்பெட்டி கிடக்கும். அதன்மேல் ஏறி நின்று, ஒரு கையில் நீளக் குச்சி, மறு கையில் தகரக் குழல் வைத்துக்கொண்டு, திரையில் வாயசைக்கிறவர்களுக்கெல்லாம் அப்பா குரல் கொடுப்பார். நடுநடுவே எழுத்துப் பலகை வரும். அது யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு தூரதேசத்து மொழியில் இருக்கும். படித்துப் புரிந்துகொள்ள அப்பாவுக்கும் தெரியாது. காலையில் வெறும் கொட்டகையில் ஒருமுறை படத்தைப் பார்ப்பார், கதையைத் தானே கட்டிக்கொள்வார், அவ்வளவுதான். கதாநாயகனுக்கு நெஞ்சுக் குரல், கெட்டவனுக்கு மூக்குக் குரல், கிழவனுக்கு நடுங்குகிற குரல். நாய் குரைத்தால் அதற்கும் அப்பாதான். ஒரு படத்தில் ரயில் வண்டிக்குப் பேசி, இரண்டு நாள் தொண்டை கட்டிக் கிடந்தாராம்.

பெண்குரல் மட்டும் அவருக்கு வராது. கீச்சென்று ஒன்று வைத்திருந்தார். ராணிக்கும் அதுதான், வேலைக்காரிக்கும் அதுதான்.

அத்தை அவருடைய தங்கை. கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். அதே கொட்டகையில் சீட்டுக் கொடுத்தாள். வயது முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அதிலிருந்துதான் வந்தது. தெருவைப் பார்த்த சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு கை நுழையுமளவுக்கு வட்டமான துவாரம் ஒன்று. உள்ளே முக்காலியில் அத்தை. வெளியே நிற்கிறவருக்கு அவள் முகம் தெரியாது. சீட்டை நீட்டுகிற கை தெரியும், குரல் கேட்கும். ஊரில் பாதிப் பேருக்கு அவள் ஒரு கையும் ஒரு குரலும்தான்.

ஆனால் என்ன குரல்! கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் இழுவை, முடிக்கும்போது இருமுவது போல ஒரு சின்னச் சிரிப்பு. "அட, வந்துட்டீங்களா! இன்னைக்கு வரமாட்டீங்களோன்னு பார்த்தேன்!" என்று ஒவ்வொருவரையும் வரவேற்பாள். முதல்முறை வருகிறவனையும் அப்படித்தான். "உங்க வீட்டுல வையறாங்களாமே, நாங்க புடிச்சு வெச்சிருக்கோம்னு?" என்பாள். "முன் வரிசை வேணாம், நேத்து ஒருத்தரு கழுத்தைத் திருப்ப முடியாம அப்படியே வீட்டுக்குப் போனாரு" என்பாள். படம் சுமாராக இருந்தாலும் துவாரத்தில் நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்று வருகிறவர்களும் இருந்தார்கள். அதில் தப்பாக ஒன்றும் இல்லை. கலகலப்பான பெண், அவ்வளவுதான்.

அந்தத் துவாரத்துக்கு நேர் மேலே கொட்டகையின் கடிகாரம். அது எப்போதும் பின்தங்கும். வாரம் ஒருமுறை கடிகாரக்காரர் வந்து ஏணி போட்டு ஏறிச் சாவி கொடுப்பார். கடைத்தெருவில் ஒற்றை ஆள் நிற்கிற கடை வைத்திருந்தவர். ஒரு கண்ணில் எந்நேரமும் பூதக்கண்ணாடி. கூச்ச சுபாவம். ஆனால் ஏணிமேல் ஏறிவிட்டால் அவருக்கும் எங்கிருந்தோ தைரியம் வந்துவிடும்.

"மேல இருக்கிறவருக்கு மணி என்ன?" என்று துவாரத்திலிருந்து அத்தை கேட்பாள்.

"கீழ இருக்கிறவங்க என்ன சொல்றாங்களோ அதான் மணி."

"அப்ப உங்க கடிகாரம் ஓடின மாதிரிதான்!"

இது பல மாதம் நடந்தது. கடைசியில் அவர் அப்பாவிடமே வந்து, ஒரு ஓட்டைக் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, தன் விருப்பத்தைச் சொன்னார். அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மழைக்காலம் கழியட்டும், பேசி முடித்துவிடலாம் என்றார்கள். அத்தையிடம் அம்மா கேட்டபோது, "அவரு கடிகாரத்தை மொதல்ல சரி பண்ணட்டும் அண்ணி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் ஓடிப்போனாளாம். நான் அப்போது கைக்குழந்தை. இதெல்லாம் அம்மா சொன்னது. சிலதைப் பல வருஷம் கழித்து அத்தையே சொன்னாள்.

அந்த மழைக்காலத்தில்தான் கப்பல் முதலாளி படம் வந்தது.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கப்பல் முதலாளி. நல்ல மனைவி, இரண்டு குழந்தைகள். ஒரு மயக்குக்காரியிடம் போய் விழுகிறான். அவள் கேட்கக் கேட்க, ஒவ்வொரு கப்பலாக விற்கிறான். கடைசிக் கப்பலும் போனபின் அவன் பைத்தியமாகிறான். அவளும் சும்மா போவதில்லை. மாளிகையிலிருந்து சின்ன வீடு, சின்ன வீட்டிலிருந்து ஒற்றை அறை, அங்கிருந்து தெரு. முடிவில் கிழிந்த உடையோடு அந்த மனைவியின் வீட்டு வாசலிலேயே வந்து ஒரு வாய்ச் சோற்றுக்கு நிற்கிறாள். கதவு சாத்தப்படுகிறது. படியில் விழுந்து சாகிறாள். கெட்டவளுக்கு இதுதான் கதி என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

முதல் நாள் படம் எடுபடவில்லை. அவ்வளவு அழகான பெண் திரையில் சாய்ந்து கிடந்து கண்ணைச் சொருகுகிறாள், அப்பா கீச்சென்று கத்துகிறார். "அவளுக்குச் சளி புடிச்சிருக்குடா, வெந்நி குடுங்கடா!" என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான். கொட்டகை அதிர்ந்தது. இடைவேளையில் கொட்டகை முதலாளி வந்தார். நல்ல மனிதர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. "இந்தப் படம் படுத்துச்சுன்னா நீயும் கூடவே படுத்துக்க. எந்திரிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த காட்சி. கப்பல் முதலாளி முதன்முதலாக அவள் வீட்டுக்குள் நுழைகிற கட்டம். அவள் நீள நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கி, சிரித்து, ஏதோ சொல்கிறாள். அப்பா நின்ற பெட்டிக்கும் அத்தை உட்கார்ந்த முக்காலிக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். தாமதமாக வந்த எவனுக்கோ அத்தை அந்த நேரத்தில் சீட்டுக் கொடுத்திருக்கிறாள். பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் வரவேற்பு அப்பாவின் காதில் விழுந்தது. கண் முன்னால் அந்த உதடுகள் அசைந்தன. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அட, வந்துட்டீங்களா! இன்னைக்கு வரமாட்டீங்களோன்னு பார்த்தேன்!"

அதே கரகரப்பு, அதே இழுவை, கடைசியில் அந்த இருமல் சிரிப்பு. கொட்டகைக் கூரை பிய்ந்துகொண்டதாம். விசில், கைதட்டல், பெஞ்சு மேல் ஏறிக் குதித்தல். எல்லோருக்கும் தெரிந்த குரல். அந்தக் குரலுக்கு ஊர் அதுவரை ஒரு முகம் வைத்திருக்கவில்லை. அப்பா வைத்துவிட்டார்.

முதல் தடவை வாய் தவறி வந்தது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். யாருக்கும் நேரலாம். மறுநாள் வந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதற்கு மறுநாள் வந்ததை? மறுநாள் அப்பா வேண்டுமென்றேதான் பேசினார். முதலாளி தோளில் கைபோட்டார். கடைத்தெருவில் தேநீர் சும்மா கிடைத்தது. புகழ் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு படம் முழுக்க ஓட்ட முடியாதே. அதனால் அப்பா சாப்பாட்டு நேரத்தில் தங்கையிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தார்.

"இன்னைக்கு ஓட்டைக்கிட்ட யாரும்மா வந்தாங்க?"

அத்தைக்கு இது போதாதா? சோற்றில் கை வைத்தபடியே முழுக்கச்சேரியும் நடத்துவாள். குடை மறந்த வாத்தியார், பெண்டாட்டிக்குத் தெரியாமல் வருகிற தையல்காரர், எல்லோரிடமும் என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று நடித்துக் காட்டுவாள். அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். "இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை" என்பார். அம்மாவே ஒருநாள், "தங்கச்சி மேல உங்க அண்ணனுக்கு எவ்வளவு பாசம் பாரு" என்று அத்தையிடம் சொன்னாளாம். சாகிற வரைக்கும் அம்மாவுக்கு அந்த வார்த்தை தொண்டையில் முள்ளாக நின்றது. ராத்திரிச் சோற்றோடு சேர்த்து அவர் எடுத்துக்கொண்டுபோன பேச்செல்லாம் மறுநாள் அந்த மயக்குக்காரியின் வாயில் வந்தது. ஊரெல்லாம் கேட்டது. அத்தைக்கு மட்டும் தெரியாது. முதல் நாள் அவள் காதில் கூச்சல் மட்டும்தான் விழுந்தது. படம் தொடங்கிக் கடைசி ஆள் உள்ளே போனதும் துவாரத்தை மூடிவிட்டு, என்னைத் தூக்கிக்கொள்ள ஓடிவந்துவிடுவாள். நான் அழுது ஊரைக் கூட்டுகிற குழந்தை. "வாய்க்காரருக்கு வாரிசு பொறந்திருக்கு" என்று என்னைக் கொஞ்சுவாளாம்.

சீட்டு வாங்க வருகிறவர்களின் பேச்சு மாறியது. "வந்துட்டோம், வந்துட்டோம்!" என்று வெளியே கூட்டமாகக் கத்தினார்கள். ஒருவன், "எங்கிட்ட கப்பல் இல்லையே, படகு இருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்டான். அத்தைக்குப் புரியவில்லை. புதுக் கிண்டல் போலிருக்கிறது என்று தானும் சிரித்தாள். பிறகு ஒருநாள், நீட்டிய சீட்டோடு அவள் கையையும் ஒருவன் பிடித்துக்கொண்டான். விடவில்லை. வெளியே சிரிப்பு. கையை இழுத்த வேகத்தில் துவாரத்தின் விளிம்பில் மணிக்கட்டு கிழிந்தது.

அன்று இரவு சாப்பாட்டில் அவள் கதை சொல்லவில்லை.

"ஏண்ணே, எல்லாரும் ஏன் எங்கிட்ட ஒரு மாதிரி நடந்துக்கிறாங்க? நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனா?"

அப்பா தட்டைப் பார்த்தபடி, "படம் அப்படிப்பட்ட படம். வர்ற கூட்டமும் அப்படித்தான் இருக்கும். நீ கண்டுக்காதே" என்றார்.

"கொஞ்சம் கம்மியாப் பேசணுமோ?"

"அதெல்லாம் வேணாம். நீ எப்பவும் போலப் பேசு."

எப்பவும் போலப் பேசு! தங்கை நன்றாக இருக்க வேண்டும் என்று சொன்னதா, நாளைக்குச் சரக்கு வேண்டும் என்று சொன்னதா என்று நான் ஒருமுறை அப்பாவையே கேட்டேன். "தெரியலம்மா" என்றார். பொய் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரக்காரர் ஏணி இல்லாமல் வந்தார்.

"அட, வந்துட்டீங்களா! ஏணியை எங்கே விட்டுட்டீங்க?"

"இன்னைக்கு ஒரு சீட்டு குடுங்க. ஊரே பார்க்குது, நான் மட்டும் பார்க்கலைன்னா எப்படி?"

அவர் படம் பார்க்கிறவரே இல்லை. அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அன்று துவாரத்தைச் சீக்கிரமே மூடினாள். பக்கக் கதவு வழியாக உள்ளே போய், பின்னால் தூணோரம் நின்று, அவர் படம் பார்ப்பதைத் தான் பார்க்க வேண்டும் என்று ஆசை. வெளியே வரும்போது ஏதாவது சொல்லிச் சீண்டலாம் அல்லவா?

கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டில் அவளே பேசிக்கொண்டிருந்தாள்.

முதலில் தான்தான் ஏதோ சொல்லிவிட்டோமோ என்று வாயைத் தொட்டுப் பார்த்தாளாம். அதன்பிறகுதான் திரையைப் பார்த்தாள். தோள் தெரிய ஒரு பெண், ஒரு கிழட்டு ஆளின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு, குடை மறந்த வாத்தியாரிடம் அத்தை சொன்ன வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் கொட்டகை சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "சீட்டுக்காரி, எனக்கு ஒரு டிக்கெட்டுடீ!" என்று கத்தினான். அதற்கும் சிரிப்பு. நடு வரிசையில் கடிகாரக்காரர் தலையைப் பின்னால் சாய்த்து, தொடையைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திறந்த கதவின் வெளிச்சத்தில் அப்பா அவளைப் பார்த்துவிட்டார். வாக்கியம் பாதியில் நின்றது. திரையில் அந்தப் பெண் வாயை அசைத்தாள், சத்தம் வரவில்லை. "மேல சொல்லுய்யா!" என்று கூட்டம் காலால் தரையை உதைத்தது.

அப்பா சொன்னார். தங்கையைப் பார்த்துக்கொண்டே, தங்கையின் குரலில், மிச்ச வார்த்தையைச் சொல்லி, இருமல் சிரிப்பையும் சிரித்து முடித்தார்.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மற்றதை எல்லாம் வறுமை, பயம், புத்தி கெட்டுப்போனது என்று ஏதாவது சாக்கில் கழித்துவிடலாம். அவள் நிற்பதைப் பார்த்தபின் அந்த அரை வாக்கியத்தை விழுங்கியிருக்கலாம். அரை வாக்கியம்தான். அவருடைய மகள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருப்பது அந்த இடத்தில்தான்.

அத்தை சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து எப்போதும் போல அண்ணனுக்குச் சோறு போட்டாள். அப்பா காலில் விழாத குறை. "தெரியாமப் பண்ணிட்டேன், தங்கம். முதலாளி நெருக்கினான். ஏதாவது பேசு, என்னைத் திட்டு, செருப்பால அடி" என்றாராம். அத்தை பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒன்றுதான் சொன்னாள்.

"நான் வாயைத் திறந்தா யாரு பேசுறதுன்னு எனக்கே தெரியலைண்ணே."

அத்தோடு சரி. மறுநாளிலிருந்து துவாரத்தில் கை மட்டும் நீண்டது.

கடிகாரக்காரர் ஏணியோடு வந்தார். மேலேறி, சாவி கொடுத்து, "கீழ இருக்கிறவங்களுக்கு மணி என்ன?" என்று கேட்டார். இறங்கிவந்து துவாரத்துக்கு நேராகக் குனிந்தார்.

"நான் கேலியாச் சிரிக்கலைங்க. அத்தனை பேருக்கு நடுவுல திடீர்னு உங்க குரல் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கலை. அப்புறம்தான் அது எந்த இடத்துல வருதுன்னு உறைச்சுது. அதுக்குள்ள சிரிச்சுத் தொலைச்சுட்டேன்."

அவர் சொன்னது உண்மைதான் என்று அத்தைக்குத் தெரியும். என்னிடமே சொன்னாள். "பொய் சொல்லத் தெரியாத ஆளு அவரு. ஆனா அவரு சிரிச்சப்போ மத்தவங்க மாதிரியேதான் இருந்துச்சு. அந்தச் சத்தத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?" அன்று அவள் துவாரத்தின் பலகையை மெதுவாக இழுத்து மூடினாள். கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றது. அதற்குப் பிறகும் அவர் வாரந்தோறும் வந்து சாவி கொடுத்தார். வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை.

அப்பா சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த காட்சியிலேயே பழைய கீச்சுக் குரலுக்குத் திரும்பினார். கூட்டம் கடலைத் தோலை வீசியது. மயக்குக்காரி வரும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்றார். செருப்பு வந்தது. திரைக்குக் கீழே உட்கார்ந்து வாசிக்கிற பிடில்காரர் மட்டும் பயந்துபோய் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டம். அவள் படியில் விழுந்து கிடக்கிறாள், கப்பல் முதலாளி பைத்தியக்காரக் கோலத்தில் அந்தப் பக்கமாக வருகிறான். அப்பா தகரக் குழலைக் கீழே போட்டுவிட்டு, நெஞ்சுக் குரலும் மூக்குக் குரலும் இல்லாமல், வீட்டில் பேசுகிற சொந்தக் குரலில் சொன்னார்:

"இவ ஒரு பாவமும் பண்ணலைங்க. நல்ல வீட்டுப் பொண்ணு. கொஞ்சம் கலகலன்னு பேசுவா, அவ்வளவுதான். அந்தப் பேச்சைத் திருடி வித்துச் சோறு தின்னவன் நான். அடிக்கணும்னா என்னை அடிங்க."

சொல்லிவிட்டு அழுதுவிட்டார்.

கொட்டகை சிரிக்கத் தொடங்கியது. கப்பல் விற்ற முதலாளி திடீரென்று வாய்க்காரர் குரலில் மூக்கைச் சிந்துகிறான் என்றால் சிரிக்கமாட்டார்களா? அடக்க முடியாமல் சிரித்தார்கள். அழ அழச் சிரித்தார்கள். கொட்டகை முதலாளி ஓடிவந்து அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"யோவ், இதை எங்கேய்யா ஒளிச்சு வெச்சிருந்தே? பொம்பளைக் குரல் போனாப் போகுது. இதையே தினமும் சொல்லு! அந்த அழுகை இருக்கு பாரு, அதை மட்டும் விட்டுடாதே!"

விடவில்லை. படம் ஊரைவிட்டுப் போகிற வரைக்கும் ஒவ்வொரு காட்சியிலும் அப்பா தன் குற்றத்தைச் சபையில் ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு காட்சியிலும் சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முதல் நாள் நிஜமாக வந்த அழுகையை அடுத்த நாள் வரவழைத்துக்கொண்டார். துவாரத்தை மூடியபின் முன்போல வீட்டுக்கு ஓடாமல், பலகைக்கு அந்தப் பக்கம் அத்தை அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்பதற்கென்று மனிதனுக்கு இருப்பதே நாலு வார்த்தை. அதையும் அப்பா இப்படிச் செலவழித்துவிட்டார். அதன்பிறகு வீட்டில் அவர் அவளிடம் அதைச் சொல்ல வாயெடுத்ததே இல்லை. எப்படி எடுப்பார்?

ஊர் அத்தையைக் கொஞ்ச நாள் "கப்பல்காரி" என்றது. அப்புறம் அவள் பேசாததைக் கண்டு "ஊமைச்சி" என்றது. இரண்டும் ஒரே ஆள் என்பதே பலருக்கு மறந்துபோயிற்று. வீட்டில் என்னிடம் மட்டும் காதோடு காதாகப் பேசுவாள். பெரியவர்கள் யாராவது வந்தால் நிறுத்திவிடுவாள். அத்தைக்குப் பேச்சு ரகசியமாகத்தான் வரும் என்று நான் நினைத்திருந்தேன்.

எனக்கு விவரம் தெரிந்த பிறகு பேசும் படம் வந்தது. முதலாளி புதிதாக ஒலிபெருக்கி வாங்கினார். அதை வைக்க உயரமாக ஏதாவது வேண்டுமே என்று, அப்பா ஏறி நின்ற மரப்பெட்டியை இழுத்துப்போட்டு அதன்மேல் வைத்தார்கள். அப்பாவை வாசலில் சீட்டுக் கிழிக்கப் போட்டார்கள். வாய்க்காரர் கைக்காரர் ஆனார் என்று ஊர் சொல்லிச் சிரித்தது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

முதல் பேசும் படத்தின் பகல் காட்சிக்கு அத்தை முக்காலியில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். பக்கக் கதவைத் திறந்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் அவள் திரைப்பக்கம் கால் வைத்ததில்லை. வாசலில் அப்பா எங்கள் சீட்டை வாங்கினார். கிழித்தார். பாதியைத் தந்தார். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இதிலும் ஒரு மயக்குக்காரி இருந்தாள். எந்தப் படத்தில்தான் இல்லை? படியிறங்கி வந்தாள், ஒரு பணக்காரனைப் பார்த்தாள், உதட்டைத் திறந்தாள். சத்தம் வந்தது. அவள் உதட்டுக்குப் பொருந்தி, அவளுடைய குரலே வந்தது. யாருடைய குரல் மாதிரியும் இல்லை. கனமாக, கொஞ்சம் திமிராக, அவளுக்கே உரியதாக இருந்தது.

"அட! அவளே பேசுறா!"

பக்கத்திலிருந்து அந்தக் குரல் கேட்டு நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். கரகரப்பும் இழுவையும் அப்படியே இருந்தன. அத்தை முன்னால் சாய்ந்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவளே பேசுறாடி! பாரு, அவ வாயில அவளே பேசுறா!" யாரோ "உஸ்" என்றார்கள். முன்னால் இரண்டு வரிசை தள்ளி, காதோரம் நரைத்த ஒரு தலை சட்டென்று திரும்பியது. கடிகாரக்காரர். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் எங்கள் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அப்புறம் படம் முடிகிறவரை குனிந்து தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மயக்குக்காரியும் கடைசியில் கெட்டுத்தான் போனாள். கதை எழுதுகிறவர்களுக்கு வேறு வழி தெரியாது போல. ஆனால் விழுவதற்கு முன்னால் எல்லோரையும் நிற்கவைத்து நாலு கேள்வி கேட்டுவிட்டு விழுந்தாள். அந்த இடத்தில் அத்தை என் கையை வலிக்கிற அளவுக்கு அழுத்தினாள்.

வெளியே வரும்போது வாசலில் அப்பா கிழித்த சீட்டுத் துண்டுகளைக் கை நிறைய வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கேட்டுச்சு" என்றார்.

"என்னது?"

"நீ பேசினது."

"பேசினது அவ. நான் சும்மா சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அத்தை நடந்தாள். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் அவள் பேசியது அதுதான். அடுத்த காட்சிக்கு நேரம் இருந்ததால் அப்பாவும் வீட்டுக்குக் கிளம்பினார். எங்களோடு சேர்ந்து வராமல், கொஞ்சம் பின்னால் வந்தார்.

கதவைத் திறந்த அம்மா, எங்களைப் பார்த்த சந்தோஷத்தில் எதையோ கேட்க வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள். அத்தை படியிலேயே நின்றாள்.

"கேளுங்க அண்ணி. பரவாயில்லை."

அம்மா பின்னால் வந்த அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு திக்கித் திணறி, "வந்துட்டீங்களா?" என்றாள்.

"வந்துட்டேன்" என்று சொல்லி அத்தை உள்ளே போனாள். அந்த இருமல் சிரிப்பை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.

நானும் அவள் பின்னாலேயே போனேன். அப்பா வரவில்லை. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். செருப்பின் வாரை அவிழ்ப்பது போல அவர் படியில் வெகுநேரம் குனிந்தே இருந்தார். அந்தச் செருப்பில் அவிழ்க்கிற மாதிரி வார் கிடையாது.